கனடாவில் ‘சொறி’ சொல்லும் முறை

புதிதாக வருபவர்களுக்கு ஜக்கெற் எங்கே மலிவு, சின் இலக்கம் (சமூகக் காப்புறுதி எண்) எப்படி எடுப்பது, எந்த பஸ் எங்கே போகும் என்றெல்லாம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. ‘சொறி’ (sorry) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதுதான் ஊரிலேயே தெரிந்த சொல்லாயிற்றே!

ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், நெரிசலான பஸ்ஸில் ஒருவருடைய காலை மிதித்துவிட்டேன். அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள என் கை தானாகப் போனது. அதற்குள் அவரே முந்திக்கொண்டு ‘சொறி’ என்றார். மிதி வாங்கியவர் அவர்! நான் பேசாமல் நின்றேன். அதுதான் பிழை. அந்த இடத்தில் நீங்களும் ‘சொறி’ சொல்லவேண்டும். இரண்டு பேரும் சொன்னால் கணக்குச் சரி. தொட்டுக் கும்பிடும் வேலை மட்டும் வேண்டாம், ஆள் திடுக்கிட்டுப் போவார்.

உச்சரிப்பில் ஈழத்தவர்களுக்குக் கொஞ்சம் வசதி. தமிழ்நாட்டில் ‘சாரி’ என்பார்கள், அது அமெரிக்கர் வாய்க்குப் பக்கம். கனடாக்காரர் ‘சோரி’ என்று, ‘ஸ்டோரி’க்கு எதுகையாகச் சொல்வார்கள். நம் ‘சொறி’யைக் கொஞ்சம் நீட்டினால் போதும். (எழுத்தில் அது தோல் வருத்தம் போலத் தெரிவதற்கு நான் பொறுப்பில்லை.)

கடைசியில் குரலை உயர்த்தி ‘சொறி?’ என்றால், நீங்கள் சொன்னது கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று பொருள். வங்கியில் என் முழுப்பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பெண் இப்படிக் கேட்டார். கணக்குத் திறக்க முடியாது என்கிறார் போலும் என்று பத்திரங்களை மடித்து உறைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டேன். உங்களுக்கு ஏதாவது கேட்காவிட்டாலும் இதையே சொல்லுங்கள். ‘வாட்?’ என்று கேட்பது முகத்தில் அடித்ததுபோல் இருக்கும்.

என்னை அதிகம் குழப்பியது மரண வீட்டுச் ‘சொறி’. ஊரில் அம்மா தவறிய செய்தி வந்து, லீவு கேட்கப் போனேன். மேற்பார்வையாளர் எழுந்து வந்து ‘ஐ ஆம் சோ சொறி’ என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பரவாயில்லை, இது உங்கள் பிழை இல்லையே என்றேன். அந்த மனிதர் என்ன சொல்வதென்று தெரியாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அதற்கு ‘தாங்க் யூ’ என்றால் போதும், வேறொன்றும் தேவையில்லை. சொல்லின் வேரைப் பார்த்தால் இதுதான் பழைய பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ என்றால் வலி. ‘சாரிக்’ என்றால் துயரப்பட்டவர். புண்ணையும் நோவையும் குறிக்கும் ‘சோர்’ இதன் உடன்பிறப்பு. துக்கத்தைக் குறிக்கும் ‘சொறோ’ தோற்றத்தில் சகோதரம் மாதிரி, ஆனால் வேர் வேறு. மன்னிப்புக் கேட்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள்தான்.

வேலைக்கு விண்ணப்பித்து வரும் பதில் ‘சொறி’ என்று தொடங்கினால் மேலே வாசிக்கத் தேவையில்லை. அடுத்த இடத்துக்கு எழுதுங்கள்.

இனி, கார் ஓடத் தொடங்கியதும் நம் ஆட்கள் சொல்லும் முதல் புத்திமதி: ‘இடிபட்டால் சொறி சொல்லிப்போடாதே, பிழை உன்ரை தலையிலை விழும்.’ ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்றே 2009இல் மன்னிப்புச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலேயே கொண்டுவந்துவிட்டது. இழப்பீட்டு வழக்கில் நீங்கள் கேட்ட மன்னிப்பைப் பிழையை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாக வைக்க முடியாது. அதைக் காட்டிக் காப்புறுதியையும் வெட்ட முடியாது. ஆகவே அடிபட்டவரிடம் ‘ஆர் யூ ஓகே? ஐ ஆம் சொறி’ என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் குற்ற வழக்குக்கும் போக்குவரத்து ரிக்கெற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. பொலிஸ்காரர் கார்க் கண்ணாடியைத் தட்டும்போது, ‘சொறி சேர், சிவப்பு லைற்றைக் கவனிக்கவில்லை’ என்று நீங்களாகவே கதை தொடங்கவேண்டாம். லைசென்ஸை எடுத்துக் கொடுங்கள்.