கடலோரத்தில் இலகு ரக ஸ்போர்ட்ஸ் கார்: கழுவாமல் தூங்காதீர்கள்

1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற பிரிட்டிஷ் காரின் வழியில், பாகங்களை வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் இலகு ரகக் கார்களுக்குப் புதுச்சேரியில் முதல் எதிரி கடற்காற்றுதான். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடித்திருப்பார்கள். இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும். பெயின்ட் கொப்பளித்து, வெள்ளைப் பொடி பூக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பீய்ச்சியும் அடிக்காதீர்கள், பேரிங்குகளிலும் மின் இணைப்புகளிலும் நீர் புகுந்துவிடும். பிறகு இரண்டு தெரு சுற்றி, பிரேக்கை மெல்ல மிதித்து டிஸ்க்கைக் காயவையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய காரைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது.

சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டிவந்தால், சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்), கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள். இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் கோடு ஒன்று இழுத்து வைத்தால், போல்ட் அசைந்தது கண்ணுக்கே தெரியும்.