கையை முதலில் வரையுங்கள்: குறைந்த செலவில் குண்டு அகற்றும் ரோபோ

நான் செய்த முதல் ரோபோ சமதளத்தில் அருமையாக ஓடியது. மாடிப்படியில் பாதி ஏறியதும் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிட்டது. பேட்டரியைப் பின்னால், உயரத்தில் வைத்திருந்தேன். அன்றிலிருந்து ரோபோவின் கையைத்தான் முதலில் வரைகிறேன். எடை எங்கே உட்கார வேண்டும் என்பது அதன் பிறகுதான் தெரியும்.

3 கிலோ பொருளை 80 செ.மீ. நீட்டிப் பிடிக்க வேண்டும், கையின் எடை 2 கிலோ என்று வையுங்கள். தோள்மூட்டில் சுமார் 31 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழும். அதைப் போல் இரு மடங்கு தாங்கும் மோட்டாரை எடுங்கள். அதோடு, பின்னோக்கிச் சுழலாத வார்ம் கியர் (திருகு வடிவப் பல்லிணை) கட்டாயம். மின்சாரம் நின்றாலும் கை குண்டின் மேல் சரிந்துவிடக் கூடாது.

அடுத்து ஓட்டம். 40 கிலோ வண்டியை 35 டிகிரி சரிவு சுமார் 225 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கும். வண்டியை ஓட்டும் பற்சக்கரத்தின் ஆரம் 8 செ.மீ. என்றால் 18 நியூட்டன் மீட்டர் தேவை. படியில் ஒரு பக்கம் வழுக்கினால் மறுபக்கம் முழுச் சுமையையும் ஏற்கும். அதனால் ஒவ்வொரு மோட்டாரும் தனியாகவே இதற்கு மேல் தர வேண்டும். மின் சக்கர நாற்காலியின் மோட்டார் இதற்குப் பொருத்தம். கியரும் பிரேக்கும் சேர்ந்தே வரும். கிடைப்பதைக் கொண்டு செய்வதில் குறைவொன்றும் இல்லை. 1972-இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் பீட்டர் மில்லர் உருவாக்கிய 'வீல்பாரோ' ரோபோவே மின்சாரத் தள்ளுவண்டி ஒன்றின் அடிச்சட்டத்தில் பிறந்ததுதான்.

உடலில் மிச்சம் பிடியுங்கள்: அலுமினியத் தகடு, போல்ட், எளிதில் மாற்றக்கூடிய பாகங்கள். தொடர்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். குண்டை ரேடியோ மூலம் வெடிக்கவிடாமல், ரேடியோ அலைகளை முடக்கும் ஜாமர் போடுவார்கள். உங்கள் ரேடியோவும் அதில் செத்துப்போகும். எனவே கேபிள் வேண்டும். சுருளை ரோபோவின் மேலேயே வையுங்கள், போகப்போக அவிழட்டும். தரையில் இழுபட்டால் மூலையில் மாட்டும். தொடர்பு அரை நொடி அறுந்தாலே சக்கரம் நிற்க வேண்டும், பிடி மட்டும் விடக் கூடாது.

குறைந்தது மூன்று கேமராக்கள் தேவை: ஓட்ட ஒன்று, கையைப் பக்கவாட்டில் பார்க்க ஒன்று, பிடிப்பானில் ஒன்று. ஒரே கோணத்தில் பார்த்தால் தூரம் பிடிபடாது.

அப்புறம் சோதனை. தண்ணீர் நிரம்பிய மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து நகர்த்தச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் ஓட்டாதீர்கள். தடித்த கையுறையோடு, அதைக் களத்தில் ஓட்டப்போகிறவரே ஓட்டட்டும். அவர் விரல் எந்தப் பொத்தானைத் தேடித் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் வேலை அந்தப் பொத்தானை இடம் மாற்றுவதுதான்.