பெயர் மறைத்த ஆறு கோப்பைகள்: நண்பர்களுடன் வீட்டில் ஓர் ஒயின் சுவைப்பு விருந்து

ஒயின் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும் அதன் விலையும் நம் நாக்குக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன. 1976 மே 24 அன்று, பாரிஸில் ஒயின் வணிகம் செய்துவந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேயர், பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னியா ஒயின்களையும் பெயர் தெரியாதபடி ஊற்றி 9 பிரெஞ்சு நடுவர்கள் முன் வைத்தபோது, வெள்ளை ஒயினிலும் சிவப்பு ஒயினிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே போனது. புட்டிகளைப் பார்த்துக்கொண்டே சுவைத்திருந்தால் அந்த முடிவு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். இந்த முறையை நம் வீட்டு மேசையிலும் அதே நேர்மையுடன் செய்ய முடியும். ஆறு பேர் கூடும் விருந்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒயின்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைக்குக் கிடைத்த புட்டிகளையெல்லாம் வரிசையாக வைத்தால் ஒப்பிடுவதற்குப் பொதுவான அளவுகோலே இருக்காது. எனவே ஒரே திராட்சை வகையை எடுத்துக்கொண்டு, அது விளையும் ஊரை மட்டும் மாற்றுவது நல்லது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சோவினியான் பிளாங்க் என்னும் வெள்ளை ஒயின் திராட்சை. பிரான்சின் லுவார் ஆற்றங்கரையிலுள்ள சான்செர், அதே நாட்டின் போர்தோ, நியூசிலாந்தின் மார்ல்பரோ, சிலியின் காசாபிளாங்கா பள்ளத்தாக்கு, நம் நாசிக் ஆகிய ஐந்து இடங்களிலிருந்தும் இந்த வகை ஒயின் வருகிறது. எல்லாம் வெளிர்நிறம் என்பதால் நிறம் எதையும் காட்டிக்கொடுக்காது. மணமோ வாய்விட்டுப் பேசும். பச்சைக் குடைமிளகாயை நறுக்கியதுபோல் எழும் வாசனைக்குக் காரணம் திராட்சையிலேயே உள்ள பைரசின் என்னும் சேர்மம். பேஷன் பழத்தை நினைவூட்டும் கூர்மையான பழமணம் தையால் என்னும் கந்தகச் சேர்மங்களால் வருவது. மார்ல்பரோ ஒயினில் அது தூக்கலாக இருக்கும்.

ஐந்து ஒயின்களை ஆறு கோப்பைகளில் கொடுப்பதுதான் இந்த விருந்தின் உயிர். ஏதேனும் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் இரண்டு எண்களில் ஊற்ற வேண்டும். ஒரே ஒயினுக்கு ஒருவர் ஓரிடத்தில் உயர்ந்த மதிப்பெண்ணும் இன்னோரிடத்தில் தாழ்ந்த மதிப்பெண்ணும் தந்திருந்தால், தம் தீர்ப்பு எவ்வளவு ஊசலாடுகிறது என்பதை அவரே தெரிந்துகொள்வார். அந்த ஒயினில் மட்டும் இரண்டு புட்டிகள் வாங்குங்கள். சுவைப்புக்கான இரண்டு ஊற்றல்களும் ஒரே புட்டியிலிருந்து இருக்கட்டும். மற்றது சாப்பாட்டுக்கு உதவும். தலைக்கு 50 மில்லி ஊற்றினால் 750 மில்லி புட்டியில் ஆறு பேருக்கு 300 மில்லி செலவாகும். மீதியும் சாப்பாட்டு நேரத்துக்கு வேண்டும். தக்கை கெட்டுப்போன புட்டிகளும் உண்டு. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை அடித்தால் அது ஒயினின் குணமன்று, குறை. அதைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

புட்டியைக் காகிதத்தால் சுற்றுவதே மறைப்பதற்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. சரிந்த தோள் பிரான்சின் பர்கண்டி வட்டார வழக்கம், நிமிர்ந்த தோள் போர்தோ வழக்கம் என்று அறிந்தவர்களுக்குப் புட்டியின் உருவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். திருகு மூடியா, தக்கையா என்பதும் அப்படியே. எனவே சமையலறையிலேயே ஒயினை ஒரே மாதிரியான ஆறு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, 1 முதல் 6 வரை எண் ஒட்டி வெளியே கொண்டுவர வேண்டும். இந்தப் பொறுப்பை மது அருந்தாத நண்பர் ஒருவரிடம் ஒப்படைப்பதே மிகச் சிறந்தது. எந்த எண்ணில் எந்த ஒயின் என்ற குறிப்பை அவர் உறையில் இட்டு ஒட்டி வைத்துக்கொண்டால், அழைத்தவரும் விருந்தினரோடு சமமாக அமர்ந்து சுவைக்கலாம்.

அன்று வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம். வாசனைத் திரவியத்தையும் தலையில் சூடும் மல்லிகையையும் அன்றைக்கு மட்டும் தவிர்க்குமாறு அழைக்கும்போதே அன்புடன் சொல்லிவிடலாம். மல்லிகை மணத்துக்கு முன்னால் எந்த ஒயினும் நிற்காது. கோப்பைகளை வெறுமையாக முகர்ந்து பாருங்கள். சோப்பு வாடையோ அலமாரி வாடையோ இருந்தால் வெந்நீரில் மீண்டும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஆளுக்கு மூன்று கோப்பைகள் இருந்தால், மும்மூன்றாக இரண்டு சுற்றில் முடித்துவிடலாம். வெள்ளை ஒயின் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடங்கிக் கிடக்கும் என்பதால், கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். மேசையில் தண்ணீர், உப்பில்லாத வெறும் ரொட்டி, ஆளுக்கொரு துப்பும் கிண்ணம் ஆகியவை போதும். துப்புவதில் கூச்சம் வேண்டியதில்லை; தொழில்முறைச் சுவைஞர்கள் அனைவரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒரு விதி: ஒரு சுற்று முடியும்வரை யாரும் பேசக் கூடாது. "ஆகா" என்ற ஒலியும் புருவ நெரிப்பும்கூடப் பேச்சுதான். ஒருவர் "எலுமிச்சை மணம்" என்று சொல்லிவிட்டால், அதுவரை எலுமிச்சையை உணராதவருக்கும் எலுமிச்சை மணக்கத் தொடங்கும். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம் மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள் என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. படித்தவர்களையே கண் இப்படி ஏமாற்றும் என்றால், மேசையில் உரத்துச் சொல்லப்பட்ட ஒரு சொல் நம்மை ஏமாற்றாதா? ஆகவே முகர்ந்து, ஒரு மிடறு எடுத்து, வாய் முழுவதும் பரவவிட்டு, முதலில் எழுதட்டும், பிறகு பேசட்டும்.

எழுதுவதற்கு நீண்ட படிவம் தேவையில்லை. மணத்தில் என்ன தெரிகிறது, புளிப்பு எவ்வளவு, விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, 20க்கு எத்தனை மதிப்பெண் என்ற நான்கே கேள்விகள் போதும். நெல்லிக்காய், கொத்தமல்லி, பச்சை மாங்காய், மழை நனைத்த கல் என்று அவரவர் வாழ்வில் முகர்ந்த மணங்களையே எழுதச் சொல்லுங்கள். ஒயின் விமரிசனங்களில் படித்த சொற்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆறும் முடிந்ததும் 6இலிருந்து 1க்கு ஒருமுறை திரும்பிச் சுவைத்து மதிப்பெண்ணைத் திருத்திக்கொள்ளலாம். முதல் கோப்பைக்கு நாக்கு பழகாமலே தீர்ப்புச் சொல்லியிருப்போம்.

அதன் பிறகுதான் சாப்பாடு வர வேண்டும். அப்போதும் பெயர்கள் மறைந்தே இருக்கட்டும். குடுவைகளை எண்களோடு மேசையில் வைத்து, உணவோடு சேர்த்து இரண்டாவது மதிப்பெண் போடச் சொல்லுங்கள். உப்பும் புளிப்பும் உள்ள உணவு ஒயினின் புளிப்பை மென்மையாக்கும். இனிப்பு அதைக் கூர்மையாக்கும். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். அதனால் வெறுமையாகச் சுவைத்தபோது "வெறும் புளிப்பு" என்று கடைசியில் தள்ளப்பட்ட ஒயின், எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலோடு முதலிடத்துக்கு ஏறக்கூடும். வறுவலில் மிளகாயைக் குறைத்து மிளகும் உப்பும் சேருங்கள். புதினா கொத்தமல்லிச் சட்னி இந்த ஒயினின் பச்சை மணத்தோடு இயல்பாக இணையும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி கிடைத்தால் கட்டாயம் வையுங்கள். சான்செர் வட்டாரத்துச் சாவின்யோல் கிராமம் அத்தகைய பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்றது, அந்த ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்தே உண்கிறார்கள். பாயசத்தை ஒயின் மேசையை விட்டுப் போன பிறகு பரிமாறுங்கள்.

உறையைப் பிரிக்கும்போது குறைந்த மதிப்பெண் பெற்ற எண்ணிலிருந்து தொடங்கி மேலே போங்கள். இரட்டையாக ஊற்றிய ஒயின் எது என்பதை முதலில் ஊகிக்கச் சொல்லி, கடைசியில் வெளியிடுங்கள். விலையையும் அப்போதே சொல்லுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். தாள்களைத் தேதியிட்டுச் சேர்த்து வைத்தால் அடுத்த விருந்துக்கு எந்த ஊர் ஒயினை அழைப்பது என்பதை அவையே சொல்லும். அன்றிரவு குடித்தவர் யாரும் வண்டி ஓட்டாதபடி, வீடு திரும்புவதற்கான வாடகை வண்டிகளை விருந்து தொடங்கும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.