பருத்தி இலைப்புள்ளிப் பங்கசை வளர்த்து, நோய் தாங்கும் செடியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாரி மழை பிடித்துக் கொஞ்ச நாளில் மட்டக்களப்புப் பக்கம் பருத்தியின் அடியிலைகளில் கபிலப் புள்ளிகள் விழும். ஊதா விளிம்பு, உள்ளே வளையத்துக்குள் வளையம் என்றால் பெரும்பாலும் அல்ரனேரியா என்ற பங்கசுதான். பக்கத்துச் செடி பச்சையாக நின்றால் "இது தாங்கும் இனம்" என்று விதை எடுத்து வைக்க மனம் வரும். அவசரப்படாதீர்கள். அந்தச் செடியில் பங்கசின் வித்தியே (விதைபோல் நோயைப் பரப்பும் நுண்துகள்) விழாமல் இருந்திருக்கலாம். பங்கசை நாமே வளர்த்து எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் தெளித்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் ஊடகம், அதாவது பங்கசு வளர்வதற்கான உணவு. 200 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, அவித்து, தண்ணீரை மட்டும் வடித்தெடுங்கள். அதில் 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் அகார் போட்டுக் கரைத்து ஒரு லீற்றராக்குங்கள். அகாருக்கு அலைய வேண்டாம். நோன்பு காலத்தில் காத்தான்குடியில் காய்ச்சுகிற அதே கடற்பாசிதான். போத்தல்களில் முக்கால்வாசி ஊற்றி, மூடியை இறுக்காமல் பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வையுங்கள். 121 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இதற்கென்று தனிக் குக்கர் வைத்துக்கொள்ளுங்கள். நான் வீட்டுக் குக்கரை எடுத்தபோது அம்மா கேட்டது: "மறுகா இதுக்குள்ளயா பருப்பு அவிக்கிற?"

இந்த ஊடகத்தைப் பெட்ரித் தட்டில் (மூடியுள்ள சிறு தட்டு) ஊற்றும் இடத்தில்தான் புதியவர்கள் தோற்பார்கள். நானும் தோற்றேன். கச்சான் காற்று வீசுகிற ஒரு மத்தியானம், புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு 12 தட்டு ஊற்றினேன். மூன்றாம் நாள் ஒன்பதில் பச்சைப் பூஞ்சணம். விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, மேசையைச் ஸ்பிரிட்டால் துடைத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே விளக்கை ஏற்றுங்கள். போத்தலைக் கையில் பிடிக்கக்கூடிய சூடு வந்ததும், சுடருக்குப் பக்கத்தில், பெட்ரி மூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கி ஊற்றுங்கள். இரண்டு நாள் சும்மா வைத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கும் தட்டுகளை மட்டும் பாவியுங்கள்.

இனி இலை. காய்ந்த நடுப்பகுதி வேண்டாம். புள்ளியும் பச்சையும் சந்திக்கும் விளிம்பில் 3 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு வீத சோடியம் ஐப்போகுளோரைற்றில் (வெளிற்றும் திரவம்) ஒரு நிமிடம், பிறகு கொதித்தாறிய நீரில் மூன்று தரம் அலசல், ஒற்றியெடுத்துத் தட்டுக்கு நான்கு துண்டு. நாலைந்து நாளில் சாம்பல் நிற இழை பரவும். அதன் நுனியைக் கிள்ளிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

நுணுக்குக்காட்டியில் பாருங்கள். வித்தி தனித்தனியாக, எலிவால் போல நீண்ட மூக்கோடு இருந்தால் அல்ரனேரியா மக்ரோஸ்போரா. மாலை கோத்ததுபோல் சங்கிலியாக வந்தால் அல்ரனேரியா அல்ரனேற்றா. அது செத்த இலையிலும் சும்மா வளரும், ஆகவே உடனே நம்பிவிடாதீர்கள்.

பத்துப் பதினாலு நாள் வளர்ந்த தட்டில் கொதித்தாறிய நீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, தூரிகையால் மெல்லச் சுரண்டி, மெல்லிய துணியில் வடியுங்கள். முகத்துக்கு மாஸ்க் கட்டுங்கள். ஹீமோசைட்டோமீற்றரின் (வித்தி எண்ண உதவும், கட்டம் போட்ட கண்ணாடித் தகடு) பெரிய சதுரத்தில் சராசரியாக ஐந்து வித்தி என்றால், ஒரு மில்லிலீற்றரில் 50,000. அது போதும்.

செடிகள் ஒரே நாள் விதைத்தவையாக, ஒரே மண்ணில் நிற்கட்டும். பொற்றாசியம் குறைந்த பருத்தியை இந்த நோய் கூடுதலாகத் தாக்கும். நமது கரையோர மணலில் ஒரு சட்டிக்கு உரம் கூடி மறுசட்டிக்குக் குறைந்தால், நீங்கள் அளப்பது இனத்தை அல்ல, உரத்தை. சோதிக்கும் இனத்தோடு, நோய் நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்த இனம் ஒன்றையும் வையுங்கள். இரண்டிலும் சில சட்டிகளுக்கு வெறும் நீர் மட்டும் தெளியுங்கள். நோய் பிடிக்க வேண்டிய செடியிலேயே புள்ளி வராவிட்டால் முழுச் சோதனையும் வீண், திரும்பச் செய்யுங்கள்.

பின்னேரம் தெளித்து, பொலித்தீன் பையால் மூடி 48 மணித்தியாலம் நிழலில் வையுங்கள். ஏழாம் நாளும் பத்தாம் நாளும் ஒரே உயரத்து இலைகளில் புள்ளிகளை எண்ணி, கருகிய பரப்பை வீதமாக எழுதுங்கள். நோய் பிடிக்கும் இனத்தைவிட இவை தெளிவாகக் குறைந்தால்தான் அது தாங்கும் இனம். வந்த புள்ளியிலிருந்து பங்கசைத் திரும்ப எடுத்து, முதல் தட்டோடு ஒப்பிடவும் மறக்காதீர்கள்.

உங்கள் தோட்டத்துப் பங்கசை வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். முடிந்ததும் தட்டுகளைத் திறக்காமல் குக்கரில் அரை மணித்தியாலம் அவித்துப் புதைத்து, இலைகளை எரித்துவிடுங்கள். எங்கள் வீட்டுப் பழைய குக்கர் இப்போது பின்பத்தியில் என்னோடுதான் கிடக்கிறது.