பழைய சிஎன்சி லேத் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் சொந்தமாக ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் செய்து கொடுப்பது) தொடங்குகிறவர்களில் பலருக்கு முதல் சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்) பழைய மெஷின்தான். வருடக்கணக்கில் ஆபரேட்டராக நின்றவர், நகையை அடகு வைத்து, கொஞ்சம் கடனும் வாங்கிக்கொண்டு வருகிறார். மெஷின் ஓட்டுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கும்போது மெஷினைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். டயலை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுக் கருவி) எடுத்து அளப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புது பெயிண்டை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓடிய மணிக்கணக்கை நம்பிவிடுகிறார்கள். ஃபானுக் கண்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டரின் ஒரு பிராண்ட்) அந்தக் கணக்கு சாதாரண பாராமீட்டரில்தான் (செட்டிங் எண்ணில்தான்) இருக்கிறது, யாரும் மாற்றிவிடலாம். அதைவிட டோர் ரோலர், பெடலின் தேய்மானம், டெலஸ்கோப்பிக் கவரில் உள்ள கீறல் இவையெல்லாம் உண்மையைச் சொல்லும்.

நாம் போகும்போதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. முதல் நாளே போன் செய்து, நான் வரும்வரை ஆன் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த மெஷினை ஆன் செய்யும்போதுதான் பேட்டரி அலாரம் வருகிறதா, ஹோம் பொசிஷன் (மெஷின் அளவெடுக்கத் தொடங்கும் இடம்) தொலைந்திருக்கிறதா, ஹைட்ராலிக் பிரஷர் ஏற எவ்வளவு நேரமாகிறது என்பதெல்லாம் தெரியும். அலாரம் ஹிஸ்டரி பக்கத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அது சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அதிகம் பேர் ஏமாறுவது பேக்லாஷில், அதாவது திசை மாறும்போது ஸ்க்ரூவில் வரும் வெற்று இடைவெளியில். டூல்களைப் பிடிக்கும் டரட்டில் டயலை முட்டவைத்து, ஹேண்ட் வீலை ஒரு மைக்ரான் (0.001 மிமீ) ஸ்டெப்பில் முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்கிறார்கள். முள் உடனே அசைகிறது, ப்ளே இல்லை என்று திருப்தியாகிவிடுகிறார்கள். ஸ்லைடை நகர்த்தும் பால் ஸ்க்ரூ தேய்ந்திருந்தாலும் கண்ட்ரோல் அந்த இடைவெளியை ஈடுகட்டி ஓட்டும். ஃபானுக்கில் 1851, 1852 பாராமீட்டர்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு எண்ணுக்கு ஒரு மைக்ரான். 10, 15 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 60, 80 என்று இருந்தால் ஸ்க்ரூவின் தேய்மானத்தை அந்த எண் மறைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த டயல் டெஸ்டையும் ஒரே இடத்தில் செய்து முடித்துவிடாதீர்கள். வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில், நடுவில், கடைசியில் என மூன்று இடத்தில் வையுங்கள். வேலை முழுக்க சக்குக்குப் பக்கத்தில் நடப்பதால் ஸ்க்ரூவும் ஸ்லைடும் அங்கேதான் அதிகம் தேயும். பாராமீட்டரில் போடும் எண்ணோ முழு நீளத்துக்கும் ஒன்றுதான். ஒரு இடத்தில் சரியாகவும் இன்னொரு இடத்தில் தவறாகவும் காட்டினால் அதை எந்த எண் போட்டும் சரிசெய்ய முடியாது. எக்ஸ் ஆக்சிஸில் (டூல் விட்டத்தின் திசையில் நகர்வது) கூடுதல் கவனம் வேண்டும்: ஸ்லைடில் 0.01 மிமீ தவறினால் விட்டத்தில் 0.02 ஆகிவிடும்.

சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலைப் பார்க்கிறேன் என்று சக்கின் ஜாவில் (பிடிக்கும் தாடையில்) ஒரு ராடைப் பிடித்து டயல் வைப்பார்கள். அது ஜா எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும். சக்கைக் கழற்றி ஸ்பிண்டில் மூக்கின் டேப்பரில் (சரிவான பகுதியில்) டயல் வைக்க வேண்டும். விற்பவர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம் அதிகபட்ச வேகத்தில் முக்கால் பங்குக்கு அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, ஸ்பிண்டில் இருக்கும் பெட்டியான ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடும், நிற்கும்போது வரும் கரகர சத்தமும் பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம்.

டரட் எங்காவது மோதியிருக்கிறதா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. சக்கில் லீவர் டயலைப் பிடித்து, டரட்டின் போரிங் பார் துளைக்குள் விட்டு, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். சென்டர் விலகியிருந்தால் முள் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் டிரில் போட்டால் துளை பெரிதாகும், இன்சர்ட் அடிக்கடி உடையும்.

வெறுமனே ஓட்டிக் காட்டுவதோடு திருப்தியாகிவிடாதீர்கள். மெட்டீரியலை நீங்களே கொண்டுபோங்கள். 50 மிமீ விட்டமுள்ள இஎன்8 ஸ்டீல் போதும். நல்ல ஆழத்தில் ரஃபிங் (முரட்டு வெட்டு), பிறகு 100 மிமீ நீளத்துக்கு ஃபினிஷிங், கடைசியில் பார்ட்டிங் (துண்டித்து எடுப்பது). பார்ட்டிங்கில் அதிர்வு வந்தால் ஸ்பிண்டிலையும் ஸ்லைடையும் மறுபடி பாருங்கள். ஆஃப்செட்டைத் (டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்) தொடாமல் பத்து பீஸ் வெட்டி மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பீஸில் டேப்பர் (ஒரு முனை பெரிதாகவும் மறு முனை சிறிதாகவும்) வந்தால் உடனே மெஷினை ஒதுக்கிவிட வேண்டாம். லெவல் சரியில்லாமலும் டேப்பர் வரும். லெவல் பண்ணி மறுபடி வெட்டச் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக்கல் கேபினட்டைத் திறக்காமல் கிளம்பாதீர்கள். ஒட்டுப்போட்ட ஒயர், எண்ணெய் படிந்த டிரைவ் (மோட்டாரை ஓட்டும் பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். கதவு திறந்தால் மெஷினைத் தடுக்கும் டோர் ஸ்விட்சை பைபாஸ் செய்திருந்தால் ஆபரேட்டரின் கைக்கே ஆபத்து. பாராமீட்டர், லேடர் (மெஷினின் ஸ்விட்ச், மோட்டார்களை இயக்கும் புரோகிராம்) பேக்கப் இரண்டும் கார்டில் கைக்கு வந்த பிறகே விலை பேசுங்கள்.

கடைசியாகப் பேப்பர். பழைய மெஷின்களில் பல வங்கிக் கடனில் வாங்கியவை. கடன் முடிந்ததற்கு வங்கியின் என்ஓசி (ஆட்சேபமில்லை என்ற கடிதம்), ஒரிஜினல் இன்வாய்ஸ், ஜிஎஸ்டி பில் மூன்றையும் வாங்குங்கள். விற்பவர் பிரைவேட் லிமிடெட் என்றால் வங்கியின் சார்ஜ் (கடனுக்கான அடமானப் பதிவு) எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் தெரியும். கிரேன், லாரி, லெவலிங், ஸ்டெபிலைசர், ஈபி லோடு இவற்றுக்கான செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடிந்தால் ஒரு பகுதிப் பணத்தை நிறுத்திவைத்து, மெஷின் உங்கள் பட்டறையில் இறங்கி, அதே பத்து பீஸை மறுபடி வெட்டி அளந்த பிறகு கொடுங்கள்.