குட்டி அந்துப்பூச்சி ஆர்க்கிட்: வேரைப் பார்த்து வளர்க்கும் முறை

நான் வாங்கிய முதல் செடிக்கு, துளசிக்கு ஊற்றுவதைப் போலவே நாள்தோறும் காலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரத்தில் இலைகள் துவண்டன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கூடுதலாக ஊற்றினேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் அனைத்தும் பழுத்துக் குழைந்திருந்தன. விரலால் பிடித்து இழுத்தால் மேலுறை உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. இலை துவள்வதற்குத் தண்ணீர்க் குறைவு மட்டுமே காரணம் அல்ல, வேர் அழுகினாலும் இலை துவளும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இந்தச் செடி மண்ணில் வளர்வதன்று. ஃபலனாப்சிஸ் என்னும் இந்தப் பேரினத்துக்கு 1825இல் ப்ளூமே என்ற தாவரவியலாளர், அந்துப்பூச்சியைப் போன்றது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார். நர்சரிகளில் கிடைக்கும் குட்டி வகைகள் பலவற்றுக்குப் பிலிப்பைன்ஸ், தைவான் பகுதிகளைச் சேர்ந்த ஈக்வெஸ்ட்ரிஸ் என்ற சிற்றினம் மூதாதை. அது மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு, மழையில் நனைந்து, அடுத்து வீசும் காற்றில் உலர்ந்து வாழும் செடி. அந்த நனைதலையும் உலர்தலையும் வீட்டில் மாறி மாறிக் கிடைக்கச் செய்வதுதான் இந்த வளர்ப்பின் அடிப்படை.

முதலில், செடியைத் தேர்ந்தெடுத்தல். எத்தனை பூக்கள் இருக்கின்றன என்று பார்ப்பதற்கு முன், தொட்டியின் உள்ளே வேர்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தடித்து, பச்சையாகவோ வெள்ளி நிறமாகவோ, அழுத்தினால் கெட்டியாக இருப்பவை நல்ல வேர்கள். இலைகளின் அடியிலும் இடுக்குகளிலும் பஞ்சு போன்ற மாவுப்பூச்சி இருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள். எல்லாப் பூவும் மலர்ந்துவிட்ட செடியைவிட, நுனியில் சில மொட்டுகள் மீதமுள்ள செடியே நெடுநாள் பூவோடு இருக்கும்.

இரண்டாவது, தொட்டி மாற்றுதல். பூக்கள் உதிரும் வரை பொறுத்திருங்கள். கடையில் வாங்கும் செடிகள் பெரும்பாலும் ஸ்பேக்னம் பாசியில் இறுக்கமாகப் பொதிந்து வருகின்றன. அந்தப் பாசியின் நடுப்பகுதி, மேலே உலர்ந்து தெரிந்தாலும் பல நாள் ஈரமாகவே இருக்கும். பாசியை நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்தெடுத்து, அழுகிய வேர்களை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் நறுக்கிவிடுங்கள். ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் அகலமுள்ள, அடியிலும் பக்கத்திலும் துளையுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி எளிதில் உலராது. சுண்டுவிரல் நுனி அளவுள்ள அடுப்புக்கரித் துண்டுகளையும் தேங்காய் மட்டைத் துண்டுகளையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். மட்டையில் உப்பு இருக்கும் என்பதால், இரண்டு நாள் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். செடி ஆடாமல் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். இலைகள் கிளம்பும் அடிப்பகுதி கலவைக்குள் புதையக் கூடாது.

மூன்றாவது, இடம். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் இதற்கு மிகவும் ஏற்றது. மற்றத் திசைகளில் மெல்லிய திரை வேண்டும். நடுப்பகலில் இலைக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள்: நிழலின் ஓரம் மங்கலாக விழுந்தால் ஒளி சரியாக இருக்கிறது, கூர்மையாக விழுந்தால் மிகுதி. இலை கரும்பச்சையாக இருந்தால் ஒளி போதவில்லை என்றும், மஞ்சளாக வெளிறினால் வெயில் அதிகம் என்றும் கொள்ளலாம். காற்றோட்டம் தேவை, ஆனால் ஏசியின் காற்று நேராகப் படக் கூடாது. பழுத்த வாழைப்பழமோ மாம்பழமோ வைத்திருக்கும் இடத்திலிருந்து செடியைத் தள்ளி வையுங்கள். அவற்றிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும்.

அடுத்து, நீர் ஊற்றுதல். பெரும்பாலான செடிகள் மடிவது இதில் நேரும் தவற்றால்தான். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. உலர்ந்திருக்கும்போது அதனுள் காற்று நிறைந்து வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். நீரை உறிஞ்சியதும் உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். ஒருமுறை நீர் ஊற்றிவிட்டுத் தொட்டியின் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருங்கள், சிறிது நேரத்துக்குள் நிறம் மாறுவதைக் கண்ணால் காணலாம். வேர்கள் பச்சையாக இருக்கும் வரை நீர் ஊற்றாமல் காத்திருங்கள். தொட்டிக்குள் தெரியும் வேர்கள் வெள்ளியாக மாறிய பிறகு, காலை வேளையில், அடித்துளை வழியே ஓடும் அளவுக்கு நன்றாக ஊற்றுங்கள். சென்னைக் கோடையில் இது இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறையாகவும், ஐப்பசி மழையில் வாரத்துக்கு ஒருமுறையாகவும் அமையலாம்; ஆகவே கிழமை குறித்து ஊற்றாமல் வேரின் நிறத்தைப் பார்த்தே ஊற்றுங்கள். மழைநீரோ ஆர்ஓ வடிகட்டியின் நல்ல நீரோ சிறந்தது, உப்பேறிய போர்வெல் நீர் வேர்நுனியைக் கருக்கிவிடும். இலைகளின் நடுக் குருத்தில் நீர் தேங்கினால் டிஷ்யூ தாளின் முனையால் உடனே ஒற்றி எடுங்கள். புதிய இலைகள் யாவும் அந்த ஒரே குருத்திலிருந்து வருவதால், அது அழுகினால் பெரும்பாலும் செடியே போய்விடும்.

உரம் சிறிதளவே போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 20-20-20 உரத்தை, பொதியில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈர வேரில் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை வெறும் நீரால் கலவையை அலசிவிடுங்கள்.

பூப்பதற்குச் சில வாரங்கள் இரவுக் குளிர்ச்சி வேண்டும். சென்னையில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். இலையடியிலிருந்து புதிதாக ஒன்று எட்டிப் பார்க்கும்போது அது வேரா பூந்தண்டா என்ற ஐயம் எல்லோருக்கும் எழும். நுனி உருண்டு பளபளத்தால் வேர். சற்றுத் தட்டையாக, ஒருபக்கம் மடிப்புடன் கூம்பியிருந்தால் தண்டு. தண்டு வளரத் தொடங்கிய பின் தொட்டியைத் திருப்பாதீர்கள், ஒளியை நாடி வளைந்து வளைந்து தண்டு கோணலாகிவிடும்.

பூக்கள் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கும். அவை உதிர்ந்த பின்னும் தண்டு பச்சையாக இருந்தால் வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. குட்டி வகைகள் பழைய தண்டிலேயே கிளைத்து மீண்டும் பூப்பதுண்டு, சில வேளை தண்டின் கணுவில் சிறு குட்டிச்செடியும் முளைக்கும். அதன் வேர்கள் இரண்டு, மூன்றாகி, ஐந்து சென்டிமீட்டர் வளரும் வரை தாய்ச்செடியிலேயே விட்டுவையுங்கள். பிறகு தண்டின் சிறு துண்டோடு அதை நறுக்கி, தேநீர்க் குவளை அளவுள்ள தொட்டியில் நட்டு, இரண்டு வாரம் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.