கவுன்சலிங் படிக்கப் போகிறவர்கள் சேலத்தில் சறுக்கும் இடங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் கவுன்சலரான எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "மேடம், பாப்பா சைக்காலஜி படிக்கறேங்குது. முடிச்சா டாக்டருங்களா?" இந்த வருடம் இப்படிக் கேட்டவர் அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவர். இல்லைங்க என்றேன். "அப்ப என்னங்க?" என்றார். அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. அந்தப் பதில் தெரியாமலேயே பணத்தைக் கட்டிவிடுவதுதான் நான் பார்த்ததில் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவைதான்.

மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்குமேல் மனநலத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் வேறு. அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு பெற்றிருக்க வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணி முதுகலை, வழியாகப் போனால் மனநல சமூகப் பணியாளர் ஆகலாம். நாம் கவுன்சலர் என்று சொல்கிற உளவியல் ஆலோசகர் நாலாவது ஆள். நாலு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் நாலு பேரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடும்போது திருத்தாமல் விடுவதும் ஒரு தவறுதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதில் பெரிய பொறி படிப்பின் பெயரில் இருக்கிறது. "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்று சான்றிதழில் அச்சாகியிருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரை மருத்துவ உளவியலாளர் என்று சொல்கிறது தெரியுமா? ஆர்.சி.ஐ. ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் அந்தத் தகுதியைப் பெற்றவரை. முதுகலை முடித்து, மேற்பார்வையோடு இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி கொண்ட எம்.ஃபில். படிப்பதுதான் பழைய வழி. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசி, 2022-இல் நிறுத்திவிட்டது. இந்தத் துறைக்கு மட்டும் சில ஆண்டுகள் அவகாசம் கொடுத்தார்கள், பிறகு ஆர்.சி.ஐ. புதிய பட்டங்களைக் கொண்டுவந்தது. ஆகவே சீனியர் அக்கா எந்த வழியில் போனார் என்று கேட்டு அப்படியே பின்னால் போகாதீர்கள். நீங்கள் சேரும் வருடத்தில் அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்பு ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பதிவு இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையைப் பார்த்து சிரிப்பு வரலாம், சிறை வார்த்தையைப் படித்தால் வராது.

ஆலோசகர் ஆக ஆர்.சி.ஐ. வேண்டியதில்லை. உளவியலில் இளங்கலை, அதற்குமேல் உளவியலிலோ கவுன்சலிங் சைக்காலஜியிலோ முதுகலை என்பது நேரான பாதை. அதற்கு ஊரை விட்டுப் போக வேண்டும் என்பதும் இல்லை. 1997-இல் தொடங்கிய நம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. அஞ்சல்வழியில் படித்துக்கொள்ளலாம் என்ற பழைய யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் கீழ் உளவியலும் வருவதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் அதை நடத்தக் கூடாது என்று யூஜிசி சொல்லிவிட்டது.

சரி, நான் செய்த தவறு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு, மூன்று மாதத்தில் "டிப்ளமோ", கட்டணம் 18,000 ரூபாய். தங்க நிற முத்திரையோடு சான்றிதழ் தந்தார்கள், அதை லேமினேஷன் வேறு செய்து வைத்திருந்தேன். ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளிக்கு நேர்காணலுக்குப் போனபோது தலைமை ஆசிரியை அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "நேரடியா எத்தன மணி நேரம் கேஸ் பாத்தீங்கம்மா? யாரு சூப்பர்விஷன்?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வரும்வரை அந்தக் கேள்விதான் காதில் ஓடியது. பிறகுதான் முறையாக முதுகலை சேர்ந்தேன். இன்று எந்தப் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் அந்த அம்மாவின் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கச் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் எத்தனை பேப்பர் என்பதைவிட, உங்கள் பக்கத்தில் ஒரு அனுபவசாலி உட்கார்ந்து "இந்த இடத்துல ஏன் குறுக்க பேசின?" என்று கேட்கும் மணி நேரம் எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் அடுத்த தவறு வாயில் இருக்கிறது. "எல்லாரும் எங்கிட்டதான் கஷ்டத்த சொல்லுவாங்க, நான் நல்லா அட்வைஸ் பண்ணுவேன்" என்று சொல்லிக்கொண்டுதான் பாதிப் பேர் சேர்கிறார்கள். அட்வைஸ் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மாமா, பெரியப்பா, டீக்கடைக்காரர் எல்லோரும் சொல்லி முடித்து, ஒன்றும் ஆகாமல்தான் நம்மிடம் வருகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-லேயே ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என்று மூன்றை எழுதினார்: உள்ளொன்று புறமொன்று இல்லாத உண்மை, நிபந்தனையில்லாத மதிப்பு, அவர் இடத்திலிருந்து பார்த்துப் புரிந்துகொள்வது. நல்ல யோசனை சொல்வது அந்த மூன்றில் இல்லை.

இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மலையில் ஒரு விடுதிப் பையன், ஏழாம் வகுப்பு. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். ஞாயிறுதான் வீட்டிலிருந்து போன் வரும் நாள். வீட்டு ஏக்கம் என்று ஐந்தே நிமிடத்தில் முடிவு கட்டி, "தைரியமா இருக்கணும் கண்ணு, அம்மா உனக்காகத்தான கஷ்டப்படறாங்க" என்று அழகாகப் பேசினேன். தலையாட்டினான். மூன்றாவது வாரம் வரவில்லை. அவனோடு ஒன்றும் கேட்காமல் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தவர் என் மேற்பார்வையாளர். அம்மாவும் அப்பாவும் சில மாதமாகத் தனித்தனி வீட்டில் இருந்தார்கள், ஞாயிறு இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டு மற்றவரைப் பற்றி அவனிடம் விசாரித்தார்கள். வீட்டு ஏக்கம் என்று நான் சொன்னது சரிதான். எந்த வீடு என்று கேட்கத் தெரியவில்லை.

இன்னொன்று பாஷை. வகுப்பு முழுக்க இங்கிலீஷில் நடக்கும். டிப்ரஷன், ஆங்சைட்டி என்று நோட்டு நிறையும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறைக்குப் போகிறவர் அந்த வார்த்தைகளோடு வர மாட்டார். "நெஞ்சு படபடங்குது", "தல பாரமாவே இருக்குது", "எதுலயும் மனசு ஒட்டலீங்க" என்பார். நீங்கள் கேட்கும் கேள்விகளைத் தமிழில் சத்தமாகச் சொல்லிப் பழகாவிட்டால், முதல் ஆள் எதிரில் உட்காரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதேபோல, குறி கேட்டு, கயிறு கட்டி, மந்திரித்துவிட்டு வருகிறவர்களிடம் முகம் சுளிக்காதீர்கள். கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் ஆளே திரும்பி வர மாட்டார். சேர்வராயன் மலையில் காபித் தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணை வாரம் ஒருமுறை சேலத்துக்கு வா என்று சொல்வதும் அப்படித்தான். பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் அவருக்குப் போகிறது என்பதைப் புத்தகம் சொல்லாது.

ரகசியம் காப்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் "யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்" என்று ஒரு குழந்தைக்குச் சத்தியம் செய்து கொடுப்பது தவறு. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. உயிருக்கு ஆபத்து என்றாலும் தனியாக மனதுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. இதை முதல் சந்திப்பிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். இன்னொரு பக்கம், சேலத்தில் இரண்டு கேள்விக்குள் சொந்தம் வந்துவிடும். எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டாலே போதும். சொந்தக்காரர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்காதீர்கள், வேறு ஆளிடம் அனுப்புங்கள். உங்களிடம் வருகிறவரைப் புது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் அவர் முதலில் சிரிக்கட்டும்.

வேலை விஷயத்தில் படித்து முடித்த மறுமாதமே பெயர்ப்பலகை மாட்டுவதுதான் நம் பக்கத்துத் தவறு. அதிலும் பெயருக்கு முன் "டாக்டர்" போட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னே சொன்ன திருத்தாமல் விடும் பழக்கம் அங்கேதான் போய் முடிகிறது. முதல் சில வருடங்களுக்கு ஒரு குழுவுக்குள் இருப்பது நல்லது. சி.பி.எஸ்.இ. மேல்நிலைப் பள்ளிகள் ஆலோசனை ஆசிரியரை வைத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. சேலமும் ஏற்காடும் பள்ளிகளுக்குப் பேர்போன இடங்கள். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கான நம்பிக்கை மையம், மாவட்ட மனநலத் திட்டம், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, போதை மறுவாழ்வு மையங்கள், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண் என்று இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கேட்கும் படிப்பு வேறு வேறு. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம்தான். அரசு வேலை என்று வீட்டில் சொல்லிக் கல்யாணம் பேசிவிட்டு, பிறகு வருடா வருடம் புதுப்பிப்புக்குக் காத்திருக்கும் தோழிகள் எனக்கு உண்டு.

அம்மாபேட்டைக்காரருக்கு இவ்வளவையும் போனில் சொல்ல முடியவில்லை. போகிற கல்லூரியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்றேன்: டிகிரி முடித்ததும் பாப்பா தனியாகக் கிளினிக் வைக்கலாமா? பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். முதல் கல்லூரியில் "தாராளமா வைக்கலாங்க, இப்ப டிமாண்டே அதுதான்" என்றார்களாம்.

"அப்ளிகேஷன் பாரம் வாங்காம வந்துட்டேனுங்க மேடம். ரெண்டாவது காலேஜ்ல, இன்னும் படிக்கோணும், பயிற்சி எடுக்கோணும், உடனே முடியாதுன்னாங்க. அங்க பணம் கட்டியாச்சுங்க."